அமீபாவின் சிறைப்பையும் அப்பாவின் செருப்பும்

உயர்தர உயிரியலில் எனக்கு ஆகாத சொல் ஒன்று இருந்தது: சிறைப்பை. குளம் வற்றும்போது, உப்பு ஏறும்போது, தின்ன ஒன்றும் இல்லாமல் போகும்போது அமீபா தன் போலிப்பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகி, தன்னைச் சுற்றித் தடித்த சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நல்ல காலம் வந்தால் சுவரைத் திறந்து வெளியே வரும். அந்தச் சுவரோடு கூடிய உருண்டைக்குத்தான் எங்கள் பாடப்புத்தகம் சிறைப்பை என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை வைத்தவர்கள் ஒரு நாளாவது எங்கேயாவது ஒளிந்திருந்து பார்த்திருக்கமாட்டார்கள் என்று பின்னாளில் எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வந்தது கோபமல்ல, குழப்பம். அமீபா எந்தச் சந்தர்ப்பத்தில் சிறைப்பையாகும் என்று தவணைப் பரீட்சையில் கேட்டிருந்தார்கள். பெரிய உயிரினம் ஒன்று அதைப் பிடித்து அடைத்து வைக்கும்போது என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. சிறை என்றால் யாரோ பிடித்து அடைப்பதுதானே என்று நான் நியாயம் கதைத்ததில் இன்னும் சிரித்தார்கள்.

அது சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஓடியது. வெளிநாட்டில் இருந்தவர்கள் பெரிய பெரிய சூட்கேசுகளோடு ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து, வெயிலைப் பற்றிக் குறைசொல்லி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அம்மாவின் சித்தப்பா மகள், எனக்குச் சின்னம்மா முறை. அவருடைய சூட்கேசைத் திறந்தபோது சொக்கலேற் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். மூடி போட்ட சின்னச் சின்னப் போத்தல்களும், துணியில் சுற்றிய நுணுக்குக்காட்டி ஒன்றும் இருந்தன. சொக்கலேற்றும் இருந்தது, ஆனால் உருகியிருந்தது.

சின்னம்மா ஒரு பல்கலைக்கழகத்தில் அமீபாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்டாவளையில் எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த சிறிய குளம் கோடையில் வற்றி வெடித்துக் கிடந்தது. அவர் அந்தக் காய்ந்த மண்ணில் ஒரு கட்டியை எடுத்துத் தட்டில் வைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு, சாமியறைக்குள் கொண்டுபோய் வைத்தார். வீட்டில் தூசி குறைந்த இடம் அதுதான். சில நாட்களின் பின் என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். அதற்குள் சிறைப்பைகள் கிடந்தன. இரட்டைச் சுவர். உள்சுவரும் வெளிச்சுவரும் அங்கங்கே தொட்டுக்கொள்ளும் இடங்களில் மூடியிட்ட சிறிய வாசல்கள். கட்டும்போதே வெளியே வருவதற்கான வாசலையும் வைத்துத்தான் அமீபா சுவர் கட்டுகிறது என்று சின்னம்மா சொன்னார். ஒன்றில் உள்ளே யாரும் இல்லை. ஆள் போய்விட்டது, சுவர் மட்டும் அப்படியே நின்றது. அந்த வெறும் சுவரை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. உடம்பு கொஞ்சம் கூசியது.

அப்பா தண்ணீர் பம் திருத்துபவர். மண்ணெண்ணெய் என்ஜின்களின் சத்தத்துக்கு மேலால் கதைத்துக் கதைத்து மெதுவாகப் பேசவே அவருக்கு வராமல் போய்விட்டது. காதுக்குள் இரகசியம் சொன்னால் அயல்வீட்டு நாய் எழும்பும் என்று அம்மா சொல்வார். அன்று குசினி வாசலில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா கதிரையில் இருந்தார். உங்கட வேலை என்னவென்று விளங்கும்படி ஒருக்கால் சொல்லும் என்று சின்னம்மாவிடம் கேட்டார்.

"அத்தான், இந்த அமீபா சில ஆக்களின்ர கண்ணுக்குள்ளை போயிடும். மருந்து விட்டால் உடனை சுவரைக் கட்டிக்கொண்டு படுத்திடும். மருந்து உள்ளுக்குப் போகாது. கண் சுகமாயிட்டுது எண்டு மருந்தை நிப்பாட்ட, திரும்ப எழும்பி வரும். அதாலை, அந்தச் சுவரைக் கட்டுற பரம்பரையலகை…" என்று சொல்லிச் சின்னம்மா நிறுத்தினார். அந்த மரபணுவைத் தாங்கள் செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "அதை மௌனமாக்கிப் பார்க்கிறம்."

"மௌனமாக்கிறதெண்டால்? சாக்காட்டுறதோ?" என்றார் அம்மா.

"இல்லையக்கா. பரம்பரையலகு பெட்டகம் மாதிரி, இருந்த இடத்திலயே இருக்கும். சுவர் கட்டவேணும் எண்டால் அதிலயிருந்து கட்டளையொண்டைப் படியெடுத்து அனுப்பும். அந்தப் படி போய்ச் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும். நாங்கள் பெட்டகத்தைத் தொடுறேல்லை. அந்தப் படியிலை போய் ஒட்டுற மாதிரிச் சின்னத் துண்டொண்டை உள்ளுக்கை விடுவம். ஒட்டினவுடனை அமீபா, இதென்ன கோதாரி எண்டு நினைச்சு, அந்தக் கட்டளையைத் தானே கிழிச்சுப் போடும்."

அம்மா மீனின் செதிலை வழித்தபடி யோசித்தார். "அப்ப, சொல்லுறது சொன்னபடிதான். போய்ச் சேரேல்லை. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அக்கா."

"அதுக்கேன் மௌனம் கிவுனம் எண்டு பெரிய சொல்லு? வாயைப் பொத்துறது எண்டு சொல்லன்."

அப்பா கதிரை அதிரச் சிரித்தார். "அமீபாவின்ர வாயைப் பொத்தவோ பிள்ளை உமக்குச் சம்பளம் தாறாங்கள்? என்ர வாயைப் பொத்த உம்மட அக்காவாலை இவ்வளவு காலமும் ஏலேல்லை."

அம்மா சிரிக்கவில்லை. வாயைப் பொத்தினால் அது பிறகு எப்போதாவது கதைக்குமா என்று கேட்டார். கொஞ்ச நாளில் அந்தச் சின்னத் துண்டு கரைந்துபோய்விடும், அதற்குப் பிறகு கட்டளை போய்ச் சேரும் என்றார் சின்னம்மா. ஆனால் அதற்குள் குளம் வற்றினால் சுவர் இல்லாத அமீபா செத்துப்போயிருக்கும், கட்டளை வந்தும் பயனில்லை. நானும் ஒரு கேள்வி கேட்டேன். வெளியே வருவதற்கும் ஒரு கட்டளை இருக்கிறதா என்று.

"இருக்கத்தான் வேணும். அது இன்னும் ஆருக்கும் வடிவாத் தெரியாது" என்றார் சின்னம்மா. "அதின்ர வாயைப் பொத்தினால் என்ன நடக்கும் தெரியுமோ? உள்ளுக்கை உயிரோடை கிடக்கும். வெளியாலை தண்ணி வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது."

சின்னம்மா காய்ந்த மண்ணைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த கோடைக்கு வருகிறேன் என்றார். பிறகு ஒரு ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. பஸ் நின்றது, தபால் நின்றது, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அருமையாகின. சின்னம்மாவைப் பற்றி நெடுநாள் ஒரு செய்தியும் இல்லை.

பாதை பூட்டிய பிறகு சண்டைக்கு ஆள் சேர்ப்பவர்கள் ஊருக்குள் வரத் தொடங்கினார்கள். முதலில் கேட்டார்கள், பிறகு பிடித்தார்கள். வீட்டுக்கு ஒருத்தர் என்பது கணக்கு. மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகளில் யார் என்று அழுது, சண்டை பிடித்து, கடைசியில் யாரோ ஒருவரைத் தீர்மானித்தார்கள். எங்கள் வீட்டில் தீர்மானிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் ஒரே பிள்ளை. அந்த ஒருத்தர் நான்தான்.

அப்பா கெட்டிக்காரர். வன்னியில் எல்லார் வளவிலும் ஷெல்லுக்குப் பயந்து வெட்டிய பங்கர் இருக்கும். புதிதாக மண் கிளறினால் அயல் கேட்கும், பங்கரைத் திருத்துகிறேன் என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர் எங்கள் பங்கருக்குள் இறங்கி, அதன் பக்கச் சுவரிலிருந்து குசினியின் அடிக்கு இன்னொரு குழியைக் குடைந்தார். நான் காலை மடக்கிப் படுக்கலாம், குனிந்து இருக்கலாம், நிற்க முடியாது. வாய்க்குப் பனைமரப் பலகை, பலகைக்கு மேல் பங்கர்ச் சுவரைப் போலவே களிமண் பூச்சு. தேடி வருபவர்கள் பங்கருக்குள் எட்டிப் பார்ப்பார்கள், வெறுமையாக இருக்கும், போய்விடுவார்கள். மூச்சுக்குப் பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு. ஒன்று விறகு அடுக்கியிருந்த இடத்தில் முடிந்தது, மற்றது கறிவேப்பிலையின் அடியில். முதல்முறை உள்ளே போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரட்டைச் சுவர், இரண்டு வாசல். "அப்பா, நீங்கள் சின்னம்மாவின்ர அமீபாவைப் பார்த்தே கட்டினீங்கள்?" என்றேன். அவர் வாயில் விரல் வைத்து, தன்னால் முடிந்த அளவு மெதுவாக, "கதையாதை பிள்ளை" என்றார். அது முற்றத்துக்கே கேட்டது.

பகலில் குழி, பொழுது பட்டால் வீடு. நான் வவுனியாவில் மாமி வீட்டில் இருக்கிறேன், பாதை பூட்ட முன்னமே போய்விட்டேன் என்று ஊருக்குக் கதை. ஒரு தரம் அவர்கள் பங்கருக்குள் இறங்கினார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஒருவன் சுவரில் கையால் தட்டினான். மேலே நின்ற அப்பா, வவுனியா மாமியின் கணவனுக்கு நீரிழிவு, கால் எடுக்கவேண்டி வந்துவிட்டது, அதனால்தான் பிள்ளை அங்கே நிற்கிறாள் என்று, என்ஜின் ஓடும்போது கதைப்பதுபோல் கதைத்துக்கொண்டிருந்தார். மாமிக்குக் கணவனே இல்லை. அவர்கள் போய் வெகுநேரத்துக்குப் பிறகுதான் நான் சிறுநீர் கழித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

குழிக்குள் இருப்பதைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். பயமாக இருந்ததா என்று கேட்பார்கள். பயம் தொடக்கத்தில்தான். பிறகு வருவது வேறு. உடம்பு தன் கடையைச் சாத்தத் தொடங்கும். பசி குறைந்தது. மாதவிடாய் நின்றது. அம்மாவிடம் சொன்னேன், அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சிறைப்பைக்குள் அமீபா தன் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுச் சுருங்கும், தன் உடம்பில் ஒரு பகுதியைத் தானே தின்று சமாளிக்கும் என்று சின்னம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது அருவருப்பாக இருந்தது. உள்ளே இருந்தபோது அதில் அருவருக்க ஒன்றுமில்லை என்று விளங்கியது. ஒரு நாள் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

உள்ளே இருப்பவளுக்கு மேலே இருப்பது எல்லாம் சத்தம். தலைக்கு மேல் குசினி. அம்மாவின் நடை சிறியது, வெறுங்காலோடு தட்டுத் தட்டென்று போகும். அப்பாவின் நடை செருப்போடு இழுத்து இழுத்து வரும். தேங்காய் துருவுவது, உலை கொதித்து மூடி ஆடுவது, அப்பாவின் குரல். அந்தக் குரலைக் கேட்டால் வீடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் அதைக் கேட்டபடியே நித்திரையாகிவிடுவேன்.

ஒரு நாள் அந்தக் குரல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பொழுதுபட மேலே ஏறி வந்து, அப்பா எங்கே என்று கேட்டேன். வயலில் பன்றிக்காவல், அறுவடை முடியுமட்டும் இரவில் அங்கேதான் படுப்பார் என்றார் அம்மா. பகலில் ஏன் சத்தத்தைக் காணவில்லை என்றேன். தொண்டைக்குள் புண், பரியாரியார் கதைக்கக்கூடாது என்று சொல்லிப்போட்டார் என்றார். அப்பா கதைக்காமல் இருக்கிறாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தார். கடைசியில் வாயைப் பொத்தியாயிற்று என்று நான் பகிடியாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு பகலில் அப்பாவின் செருப்புச் சத்தம் வந்தது. இழுத்து இழுத்துக் குசினிக்கு வரும், கதிரையருகில் நிற்கும். "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்பார் அம்மா. "இஞ்சாருங்கோ, சாரத்தை மாத்துங்கோவன், எண்ணெய் மணக்குது." எங்கள் பக்கத்தில் மனைவி கணவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஞ்சாருங்கோ என்பதுதான் கூப்பிடுகிற பெயர். அம்மாவின் வாயில் அந்தச் சொல் வந்தால் அது உலகத்தில் ஒரே ஒருவருக்கு. வேறு யாரிடமும் அம்மா அதைச் சொன்னதில்லை. பதில் வராவிட்டாலும் அந்தச் சொல்லுக்கு எதிரில் அப்பா இருந்தே ஆகவேண்டும். நான் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. காது நிறைந்து நித்திரை கொண்டேன்.

மாரி தொடங்கியது. ஒரு பகல் மழை ஓயாமல் கொட்டி, பங்கருக்குள் தண்ணீர் இறங்கி, பலகையின் கீழ்ப்பக்கத்தால் என் குழிக்குள் வரத் தொடங்கியது. முதலில் கால் நனைந்தது, பிறகு இடுப்பு. அம்மா வருவார் என்று பார்த்தேன். மேலே தகரத்தில் மழை அடித்ததில் அவருக்கு என் தட்டல் கேட்கவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது பலகையை உதைத்தேன். களிமண் ஊறியிருந்தது, விட்டுக்கொடுத்தது. பங்கருக்குள் விழுந்து, படியைப் பிடித்து ஏறி, தலையை வெளியே நீட்டினேன். நெடுங்காலத்துக்குப் பிறகு பகல் வெளிச்சம் கண்ணில் குத்தியது.

குசினி வாசல் திறந்திருந்தது. உள்ளே அம்மா நடந்துகொண்டிருந்தார். காலில் அப்பா வீட்டுக்குள் போடும் செருப்பு. அது அவருக்கு மிகவும் பெரிது, கழன்றுவிடாமல் இழுத்து இழுத்து நடந்தார். கதிரையருகில் போய் நின்றார். கதிரையில் யாரும் இல்லை. "இஞ்சாருங்கோ, ஒழுக்கு விழுகுது, கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று அந்தக் கதிரையைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, பதிலுக்கு விடும் அளவு நேரம் விட்டு, "ம்" என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பிணங்களைப் பின்னாளில் பார்த்தேன். அந்தக் கதிரை அளவுக்கு எதுவும் என்னைப் பயப்படுத்தவில்லை. அம்மாவுக்கு அறளை பெயர்ந்து புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் திரும்பி என்னைக் கண்டார். பேயைக் கண்டதுபோல அவரும் நின்றார்.

பிறகு சொன்னார். சந்தியில் வைத்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து தந்தால் தகப்பனை விடுவோம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அதுவரை முன்னரங்கில் பங்கர் வெட்டும் வேலை.

"நான் போறன்" என்றேன். குரல் வரவில்லை, வாய்தான் அசைந்தது. அம்மா அதைப் படித்துக்கொண்டார்.

"நீ எங்கையும் போகேலாது."

"அப்பா அங்கை ஷெல்லுக்கை நிக்கிறார். நான் போனா விடுவாங்கள்தானே."

"நீ போனா நீயும் வரமாட்டாய், அவரும் வரமாட்டார். கொப்பர் ஆள் மூலம் சொல்லி விட்டவர். என்ன நடந்தாலும் பிள்ளையை வெளியாலை விடாதை எண்டு. கேட்டதே? அது அவரின்ர சொல்லு. என்ர இல்லை."

அப்பா அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்று எனக்குப் பட்டது. குழியைத் தன் கையால் குடைந்தவர். அழுதேன், அம்மாவின் கையைக் கடித்தேன், பிறகு அடங்கினேன். மழை விட்டதும் அம்மா தண்ணீரை வாளியால் அள்ளி இறைத்து, பலகைக்குப் புதிதாக மண் பூசினார். நான் திரும்ப உள்ளே போனேன். இம்முறை அது அப்பாவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து போனது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாரியையும் அதற்குப் பின் வந்த கோடையையும் அங்கே கழித்தேன். தலைக்கு மேல் செருப்புச் சத்தம் பிறகு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்று சில நாள் இருக்கும்.

அடுத்த மாரியில் சண்டை கிட்ட வந்து, ஊர் முழுக்க எழும்பி ஓடவேண்டி வந்தது. எனக்கு அம்மா மஞ்சள் கயிறு ஒன்றில் தாலி மாதிரி ஏதோ கோத்துக் கட்டிவிட்டு, ஆள் பிடிப்பவர்கள் விட்டுவிடுவார்கள் என்று என்னைக் கலியாணமான பெண்ணாக்கித் தன்னோடு நடத்திக்கொண்டு போனார். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லாரும் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். ஒவ்வொரு இடத்திலும் அப்பாவின் முகத்தைத் தேடினோம். கடலோரம் வரை தேடினோம். பிறகு இராணுவத்தினர் எங்களை ஓமந்தை தாண்டி, வவுனியாவில் முள்ளுக்கம்பி முகாம் ஒன்றில் வெள்ளைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சிறைப்பை என்ற சொல் உண்மையில் எதற்குப் பொருத்தம் என்று அங்கேதான் கண்டேன்.

முகாமில் தண்ணீருக்கு வரிசை. ஒரு காலை நான் வாளியோடு நின்றபோது ஒரு மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் முழங்கைக்குக் கீழே இல்லை. மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறிய குடும்பத்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"நீங்க கண்டாவளை பம்புக்காரரோட மகதானே?"

ஓம் என்றேன்.

"நெத்தியைப் பாத்தவொடனே தெரிஞ்சிருச்சும்மா. அப்பாவோட நானும் ஒண்ணாத்தான் பங்கர் வெட்டுனேன்."

"அப்பா எங்கை இப்ப?"

அவர் தெரியாது என்று தலையாட்டினார். தனக்குக் கை போன அன்றைக்குத் தன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்ததுதான் கடைசி என்றார். "பாவம் அவரு. அந்தச் சத்தம் அவருக்குத் தாங்கல. சத்தமாப் பேசுற மனுசன்னு சொன்னாங்க. நான் பாத்தப்போ பேச்சே இல்ல. வாயைத் தொறந்தா ஒங்களைப் பத்தி மட்டுந்தான்."

"என்னை வெளியாலை வரவேண்டாம் எண்டு சொல்லி விட்டவராம், என்ன?" என்று கேட்டேன். அந்தச் சொல்லை இன்னொரு வாயால் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். "வரவேண்டாம்னா? இல்லியேம்மா. எங்க அம்மா எறந்துட்டாங்கன்னு என்னைய வீட்டுக்கு விட்டாங்க. அப்ப அப்பா எங்கிட்டதான் சொல்லி அனுப்புனாரு. புள்ளைய வரச் சொல்லு, என்னால முடியல, அவ வந்தா என்னைய விட்டுருவாங்கன்னு. அவ படிச்ச புள்ள, சண்டைக்கு விடமாட்டாங்க, எழுத்து வேலைக்குத்தான் வைப்பாங்கன்னு அவராவே சொல்லிக்கிட்டாரு. கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரும்மா. நாந்தானே ஒங்க வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கம் கேக்காம குசுகுசுன்னு சொன்னேன். ஒங்கம்மா தேத்தண்ணி குடுத்து, முழுசும் கேட்டாங்க. நான் மகக்கிட்ட சொல்லிர்றேன்னாங்க." பிறகு மெதுவாகக் கேட்டார். "சொல்லலையாம்மா?"

அந்த வரிசையில் நின்றபடி எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அம்மாவை முடியைப் பிடித்து இழுத்து வந்து இந்த மனிதரின் முன்னால் நிறுத்தவேண்டும் போல இருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் அவருடைய காலடிக்குக் காது கொடுத்துப் படுத்திருந்த அதே இடத்துக்கு மேலே, ஒரு தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தக் கூப்பாடு வந்து நின்றிருக்கிறது. எனக்கும் அதற்கும் நடுவில் சாண் அளவு மண். அப்பா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயந்த மனிதன் தன் பிள்ளையைக் கூப்பிட்டார், வேறு யாரைக் கூப்பிடுவார்? பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். தான் கொண்டுவந்த சொல் சேர்ந்ததா இல்லையா என்று, ஒரு கையை இழந்துவிட்டு, இத்தனை காலமும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"சொன்னவா. அம்மா அண்டைக்கே சொன்னவா. நான்தான் பயந்து போகேல்லை" என்றேன்.

அவர் தலையைக் குனிந்தார். பிறகு என் வாளியைத் தன் ஒற்றைக் கையால் தூக்கிக் குழாயின் கீழ் வைத்துவிட்டுப் போனார். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியும். நினைக்கட்டும்.

கூடார வாசலில் அம்மா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் வரிசை தெரியும். அவருடைய கை அரிசியில் இல்லை. நான் வாளியை வைத்தேன்.

"ஆரது, உன்னோடை கதைச்சது?"

"ஜெயபுரத்து ஆள். அப்பாவோடை வேலை செய்தவராம்."

அம்மாவின் உதடு காய்ந்திருந்தது. அவரை அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை, ஷெல் விழுந்தபோதும் பார்த்ததில்லை. "என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"என்ன நடந்தாலும் பிள்ளை வெளியாலை வரக்கூடாது எண்டு அப்பா சொல்லிக்கொண்டே இருந்தவராம்."

அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அது தெரிந்துவிட்டது என்றும் என் முகத்திலிருந்து அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நானும் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்" என்றார் அம்மா. "அவர் அப்பிடித்தான் சொன்னவர்."

சொல்லிவிட்டுச் சுளகைக் கீழே வைத்தார். அப்பாவுக்காக அம்மா வாய்விட்டு அழுததை முதன்முதலில் அன்றைக்குத்தான் கேட்டேன்.